வளைந்து நிமிரும் கத்தி, வாள் அலகுக்கும் நீடித்து நிற்கும் கூருக்கும் எஃகு தேர்ந்தெடுக்கும் முறை

நான் செய்த முதல் நீண்ட அலகைச் சூடேற்றித் தண்ணீரில் தோய்த்து எடுத்தபோது, தரையில் ஊசி விழுந்ததைப் போன்ற மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியாததால் அதைப் பொருட்படுத்தாமல் டெம்பர் கொடுத்து (தோய்த்த எஃகின் நொறுங்கும் தன்மை குறைய மிதமான சூட்டில் மறுபடி வைத்து), பல நாட்கள் உட்கார்ந்து மெருகேற்றி, கடைசியில் வைஸில் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தேன். பாதி வளைவதற்குள் அலகு இரண்டாக முறிந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தபோது அதில் ஒரு பகுதி சாம்பல் நிறமாகவும், வெட்டு விளிம்பை ஒட்டிய பகுதி வைக்கோல் நிறமாகவும் இருந்தது. டெம்பர் சூட்டில் காற்றுப் பட்ட எஃகுதான் அந்த நிறத்தை எடுக்கும். அதாவது, டெம்பர் அடுப்புக்குள் போகும்போதே அந்த இடம் பிளந்திருந்தது; அந்த மெல்லிய ஓசை அப்பிளவின் ஓசை.

அது 1095 என்ற எஃகு. கார்பன் அதிகமாக இருந்தால் கூர் அதிகமாக நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினேன். அந்த எஃகில் குறையில்லை. அந்த நீளத்துக்கும் தடிமனுக்கும் என்னிடமிருந்த வசதிக்கும் அது பொருந்தவில்லை என்பதே உண்மை. எஃகின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. கீழே உள்ள வரிசையில் எஃகின் பெயர் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. அலகின் வேலையையும் அளவையும் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறியுங்கள்: அலகின் நீளம், பிடியருகே முதுகின் தடிமன், நுனியருகே தடிமன், அலகு எதை வெட்டப்போகிறது. மீனின் முள்ளை ஒட்டிச் சதையைப் பிரிக்கும் மெல்லிய கத்தியும், மரக்கிளையை வெட்டும் கனத்த கத்தியும், முக்கால் மீட்டர் நீள வாளும் ஒரே எஃகைக் கேட்பதில்லை. ஒரே எஃகைக் கேட்டாலும் ஒரே பதத்தை, அதாவது தோய்ச்சலும் (சூடேற்றித் திரவத்தில் தோய்ப்பதும்) டெம்பரும் தரும் கடின நிலையை, கேட்பதில்லை. நீளம் கூடக் கூட முறியாத் திறன் முதன்மை பெறுகிறது. நீளம் குறையக் குறையக் கூரைத் தாங்கும் கடினத்தன்மை முதன்மை பெறுகிறது.

இந்த வேளையிலேயே இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாள் செய்வது, வைத்திருப்பது, வெளியே எடுத்துச் செல்வது, தபாலில் அனுப்புவது ஆகியவற்றுக்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உரிமம் தேவைப்படும் இடமென்றால் எஃகு வாங்கும் முன்பே அதைப் பெறுங்கள். அலகை முடித்த பிறகு விண்ணப்பிப்பது சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

2. வளைவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'நன்றாக வளையும் எஃகு வேண்டும்' என்று கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஓர் அலகு எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதை எஃகின் வகை ஏறக்குறைய தீர்மானிப்பதே இல்லை. எஃகின் மீட்சிக் குணகம், அதாவது வளைக்கும் விசையை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு, சுமார் 200 முதல் 210 கிகாபாஸ்கல். சாதாரண இரும்புக் கம்பியானாலும், விலையுயர்ந்த கத்தி எஃகானாலும், தோய்ச்சல் போட்டதானாலும் போடாததானாலும் இந்த எண் மிகச் சிறிதளவே மாறும். தடிமன்தான் வளைவைத் தீர்மானிக்கிறது, அதுவும் மும்மடிக் கணக்கில்: 4 மி.மீ. பட்டையை 2 மி.மீ. ஆக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அப்படியென்றால் எஃகும் பதமும் எதைத் தருகின்றன? வளைந்த அலகு எந்த எல்லை வரை தானாக நிமிரும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. அந்த எல்லையைக் கடந்தால் அலகு கோணலாகவே நின்றுவிடுமா, முறிந்துவிடுமா என்பதும் அவற்றைப் பொறுத்ததே.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். வாளுக்கு ஏற்ற பதத்தில் இருக்கும் ஸ்பிரிங் எஃகு, நிரந்தரமாகக் கோணுவதற்கு முன் சுமார் 1,600 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். அத்தகைய 4 மி.மீ. பட்டையை ஏறத்தாழ 25 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றி வளைத்தாலும் அது திரும்பி நிமிரும், 2 மி.மீ. பட்டை 13 செ.மீ. ஆரம் வரை தாங்கும். அதே 4 மி.மீ. பட்டை தோய்ச்சல் போடாத மெதுநிலையில் இருந்தால், சுமார் ஒரு மீட்டர் ஆரத்துக்குள் போனதுமே கோணத் தொடங்கிவிடும். ஆக, தோய்ச்சல் போட்டதால் அலகு இளகிக்கொடுப்பதில்லை. நிமிரும் எல்லைதான் நான்கு மடங்கு விரிகிறது.

நீண்ட அலகு முழுவதும் ஒரே தடிமனில் இருந்தால் வளைவு பிடியருகே குவியும். பிடியருகே 6 மி.மீ. தொடங்கி நுனியை நோக்கி 2 அல்லது 3 மி.மீ. வரை மெலிந்துகொண்டே போனால் வளைவு நீளம் முழுவதும் பகிர்ந்து விழும். விலை உயர்ந்த எஃகைத் தேடுவதற்கு முன், இந்த மெலிவைச் சரியாக இழைப்பதில் ஒரு நாள் கூடுதலாகச் செலவிடுவது பலன் தரும் என்பது என் அனுபவம்.

3. கடினத்தன்மைக்கு ஓர் எண்ணைக் குறியுங்கள்

ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) ஓர் எண் வரம்பு இல்லாமல் எஃகு வாங்கப் புறப்படாதீர்கள். நீண்ட வாளுக்கு 48 முதல் 54 வரை, கனத்த வெட்டுக்கத்திக்கு 55 முதல் 58 வரை, சமையல் கத்திக்கும் மெல்லிய வேலைக் கத்திக்கும் 58 முதல் 62 வரை என்பது பெரும்பாலும் பொருந்தும் வரம்பு. கடினத்தன்மை ஏற ஏற நிமிரும் எல்லையும் ஏறும் என்பதால், 60-இல் இருக்கும் மெல்லிய கத்தி அழகாக வளைந்து நிமிரும். ஆனால் அதே 60-ஐ நீண்ட வாளுக்குக் கொடுத்தால், விளிம்பில் விழும் ஒரு சிறு பல்லே பிளவாக மாறி அலகு முழுவதையும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறித்துவிடும். தெறித்துப் பறக்கும் துண்டு அருகில் நிற்பவரைக் காயப்படுத்தும். வாளில் கூரைச் சற்று விட்டுக்கொடுத்து முறியாத் திறனை வாங்குகிறோம். சிறு கத்தியில் அதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விளிம்பை மட்டும் கடினமாக்கி முதுகை மெதுவாக விடும் முறை ஒன்று உண்டு. முதுகின் மேல் களிமண் பூசித் தோய்ப்பது அதில் ஒரு வழி. அப்படிச் செய்த அலகு முறிவதற்குத் தயங்கும், ஆனால் கோணுவதற்குத் தயங்காது. முதுகு மெதுவாக இருப்பதால் அதன் நிமிரும் எல்லை குறுகியது. கத்தி செய்யும் கொல்லர்களின் அமைப்பான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி நடத்தும் தேர்வில் கத்தி தொங்கும் கயிற்றை வெட்டி, மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கி, அதன் பிறகும் கைமுடியை மழித்து, கடைசியாக 90 டிகிரி வளைக்கப்படுகிறது. அங்கே கத்தி முறியாமல் இருந்தால் போதும். நேராக நிமிர வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. 'என் எஃகு 90 டிகிரி வளைந்தது' என்று ஒருவர் சொன்னால், அது நிமிர்ந்ததா என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது வளைந்து நிமிரும் வாள் என்றால் அலகு முழுவதும் சீரான ஸ்பிரிங் பதத்தில் இருக்க வேண்டும்.

4. தோய்ச்சல் யார் போடப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

எஃகின் பட்டியலைச் சுருக்குவது இந்தக் கேள்விதான். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மின்சூளை இல்லாமல், வாயு உலையும் எண்ணெய்த் தொட்டியும் மட்டும் வைத்திருப்பவர் எளிய கார்பன் எஃகுகளோடு நின்றுகொள்வது நல்லது. சூளை இருந்தால் கலப்பு எஃகுகளையும் கையாளலாம். துருப்பிடிக்காத எஃகு என்றால், 1,050 டிகிரி செல்சியஸுக்கு மேல் காற்றுப்படாமல் சூடேற்றி, உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்திக் குளிர்விக்க வேண்டும்; அதை வெப்பப் பதப்படுத்தும் பட்டறையிடம் ஒப்படையுங்கள்.

பட்டறையிடம் தருவதென்றால், உங்கள் அலகின் நீளம் அவர்களுடைய சூளைக்குள் நுழையுமா என்று முதலில் கேளுங்கள். நான் ஒரு முறை இதைக் கேட்காமல் அலகை அனுப்பிவிட்டேன். நுனி கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே தோய்ச்சல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வெட்டுவதற்கு மிகவும் தேவையான கடைசி 10 செ.மீ. பகுதியில் அரம் வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது.

5. இப்போது எஃகைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க முறையில் நான்கு இலக்கப் பெயரின் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனின் அளவு: 1084 என்றால் சுமார் 0.84 சதவீதம், 5160 என்றால் சுமார் 0.60 சதவீதம். முதல் இரண்டு இலக்கங்கள் குடும்பத்தைக் குறிக்கும்: 10 வெறும் கார்பன் எஃகு, 51 குரோமியம், 61 குரோமியம்-வனேடியம், 92 சிலிக்கான்-மாங்கனீஸ். ஐரோப்பிய முறையில் 80சிஆர்வி2 என்றால் 0.80 சதவீதக் கார்பனோடு குரோமியமும் வனேடியமும் கலந்தது என்று பொருள்.

நீண்ட அலகுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 5160. இதில் 0.56 முதல் 0.64 சதவீதம் கார்பனும், 0.70 முதல் 0.90 சதவீதம் குரோமியமும், ஏறத்தாழ 0.75 முதல் 1.00 சதவீதம் மாங்கனீஸும் உண்டு. குரோமியமும் மாங்கனீஸும் இருப்பதால் எண்ணெயில் நிதானமாகக் குளிர்ந்தாலும் 6 மி.மீ. தடிமன் உள்வரை இறுகும். தண்ணீரின் அதிர்ச்சி இதற்குத் தேவையில்லை. கார்பன் மிதமாக இருப்பதால் முறியாத் திறன் அதிகம். லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளுக்கு இது பயன்படுவதற்கும் அதுவே காரணம். சவரக்கத்தி போன்ற நுண்ணிய கூரை இது நெடுநேரம் தாங்காது என்பதையும் ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

6150-உம் அதற்கு நெருங்கிய உறவான 51சிஆர்வி4-உம் வாளுக்குச் சமமான தேர்வுகள். இவற்றில் உள்ள வனேடியம், சூடு சற்றுக் கூடிவிட்டாலும் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிகமணிகள் பருத்துவிடாமல் தடுக்கும். கார்பன் 0.50-ஐ ஒட்டியே இருப்பதால் சிறு கத்திக்கு இவற்றை எடுக்காதீர்கள். 9260-இல் சுமார் 2 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. 'சிலிக்கான் இருப்பதால் எளிதாக வளையும்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். வளையும் எளிமை தடிமனைச் சேர்ந்தது என்பதை இரண்டாம் படியில் பார்த்தோம். சிலிக்கான் நிமிரும் எல்லையைத்தான் உயர்த்துகிறது. நல்ல எஃகுதான். ஆனால் உலையில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் உள்ள கார்பன் எரிந்துபோகும் இயல்பு இதில் கூடுதலாக உண்டு. அந்த மெதுவான தோலை இழைத்து நீக்காவிட்டால் கூர் நிற்காது.

கத்தியும் செய்ய வேண்டும், குறுவாளும் செய்ய வேண்டும், ஆனால் ஒரே எஃகைத்தான் வாங்க முடியும் என்பவருக்கு 80சிஆர்வி2 ஏற்றது. டெம்பரை மாற்றினால் அதே எஃகு 59-இல் கத்தியாகவும் 52-இல் வாளாகவும் வேலை செய்யும்.

சூளை இல்லாதவருக்கு 1084. இரும்பும் கார்பனும் சமநிலை கொள்ளும் 0.77 சதவீதத்துக்கு மிக அருகில் இதன் கார்பன் இருப்பதால், சூட்டில் நீண்ட நேரம் வைத்திருக்காமலேயே கார்பன் கரைந்துவிடும். காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியைக் கடந்து இன்னும் ஒரு நிழல் சிவக்கவிட்டு, சுமார் 815 டிகிரியில் எண்ணெயில் தோய்த்தால் போதும். 1075 அதைவிடச் சற்று முறியாத் திறன் கொண்டது. நீண்ட அலகுக்கும் பொருந்தும்.

1095-ஐ மெல்லிய சிறு கத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாங்கனீஸ் குறைவாக இருப்பதால் இது இறுக வேண்டுமென்றால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 550 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும்; சாதாரணச் சமையல் எண்ணெய் அந்த வேகத்தைத் தடித்த அலகுக்குத் தராது, தண்ணீர் தரும், ஆனால் பிளந்துவிடும். பந்துத் தாங்கிகளுக்கான 52100, கருவி எஃகான ஓ1 ஆகியவை சூளை உள்ளவர்களின் கையில் அருமையான கத்திகளாகும். உலையில் கண்ணளவில் சூடு பார்ப்பவர்களுக்கு அவை வேண்டாம்.

மிக மெல்லிய, வளைந்து கொடுக்கும் சமையல் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் ஏஇபி-எல், 14சி28என் ஆகிய இரண்டில் ஒன்றை எடுங்கள். முதலாவதில் சுமார் 0.67 சதவீதம் கார்பனும் 13 சதவீதம் குரோமியமும் உண்டு. இவற்றின் கார்பைடு துகள்கள் (கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினத் துகள்கள்) மிக நுண்மையானவை என்பதால் 1.5 மி.மீ. தடிமனில் 60 கடினத்தன்மை இருந்தும் உதிராமல் வளையும். 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் கொண்ட டி2-இல் இந்தத் துகள்கள் பெரியவை. அது தேய்மானத்தைத் தாங்கும், பக்கவாட்டு வளைவைத் தாங்காது. நீண்ட அலகுக்கு டி2 வேண்டாம். வனேடியம் நிறைந்த தூள் உலோக எஃகுகளும் (உலோகத் தூளை அழுத்திச் செய்பவை) வேண்டாம்.

6. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்

எஃகுப் பட்டையின் மேல் வண்ணத்தில் எழுதியிருக்கும் பெயர் ஆதாரமாகாது. உருக்காலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 10204-இல் 3.1 வகைச் சான்றிதழ் என்றால், அந்தக் குறிப்பிட்ட தொகுதியையே சோதித்து எடுத்த முடிவுகள் அதில் இருக்கும்; 2.2 வகையில் இருக்கும் எண்கள் உங்கள் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல், முத்திரை இருந்தால் போதும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் அதிகம்.

சான்றிதழ் கையில் வந்ததும் அதிலுள்ள உருக்கு எண்ணும் (ஒரே உருக்கில் வந்த எஃகுக்குத் தரும் அடையாள எண்) பட்டையின் மேல் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து கார்பன், மாங்கனீஸ், குரோமியம் ஆகியவற்றின் அளவு அந்த எஃகுக்கு உரிய வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கந்தகமும் பாஸ்பரசும் முறியாத் திறனைக் கெடுப்பவை, இரண்டும் 0.03 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. கடைசியாக, எந்த நிலையில் விற்கப்படுகிறது என்பது: மெதுப்படுத்திய நிலையில் உள்ள பட்டையை உடனே அறுக்கலாம், துளைக்கலாம், உருட்டிய நிலையிலேயே விட்ட பட்டை துளைப்பானின் முனையைத் தின்றுவிடும். வெட்டி எடுக்கும்போது உருக்கு எண் உள்ள ஓரத்தைக் கடைசி வரை வைத்திருங்கள். மீதமான ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணைப் பொறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது 5160 ஆகவும் இருக்கலாம், வேறு ஸ்பிரிங் எஃகாகவும் இருக்கலாம். எதுவானாலும் பல ஆண்டுகள் ஏறி இறங்கி வளைந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத சோர்வுப் பிளவுகள் இருக்கலாம். கைப்பழக்கத்துக்குச் சிறு கத்தி செய்து பாருங்கள். வாளுக்கு அதை எடுக்காதீர்கள்.

7. செலவைச் சரியான இடத்தில் போடுங்கள்

தொடங்கும்போது எல்லோரும் எஃகின் விலையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எளிய கார்பன் எஃகுகளுக்குள்ளும் ஸ்பிரிங் எஃகுகளுக்குள்ளும் விலை வேறுபாடு சிறியது; தூள் உலோக எஃகுகள்தான் பல மடங்கு விலை. சாணைப் பட்டைகள், வெப்பப் பதப்படுத்தும் கூலி, போக்குவரத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு சாதாரண அலகில் எஃகின் விலையை எளிதில் விஞ்சும். பதப்படுத்தும் பட்டறைகள் பெரும்பாலும் ஒரு சூளை நிரப்பலுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பதால், ஒரே எஃகில் நான்கைந்து அலகுகளைச் சேர்த்து அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் விழும் கூலி குறையும். சான்றிதழ் இல்லாத மலிவான பட்டையில் மிச்சம் பிடிப்பது மட்டும் வேண்டாம். அலகு முறிந்தால் எஃகின் விலையோடு உங்கள் பல வார உழைப்பும் போகிறது.

8. அலகுக்கு முன் ஒரு துண்டைச் சோதியுங்கள்

வாங்கிய அதே பட்டையிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அலகுக்குச் செய்யவிருக்கும் அதே முறையில் சூடேற்றித் தோய்த்து, டெம்பர் கொடுக்காமல் வைஸில் பிடித்துத் துணியால் மூடிச் சுத்தியலால் முறியுங்கள். கண் கவசம் கட்டாயம். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற வெல்வெட்டுத் துணியைப் போல ஒளி வாங்காமல் இருந்தால் படிகமணிகள் நுண்மையாக இருக்கின்றன. சர்க்கரையைத் தூவியதைப் போல மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. அந்தச் சூட்டில் தோய்க்கும் அலகு எந்த டெம்பர் கொடுத்தாலும் எளிதில் முறியும். தோய்த்த துண்டில் புது அரம் வழுக்க வேண்டும். அரம் பிடித்தால், மேலே உள்ள கார்பன் நீங்கிய தோலைச் சிறிது இழைத்துவிட்டு மறுபடி அரத்தை ஓட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அரை மணி நேர வேலை இது. நான் இதைச் செய்திருந்தால் அந்த முதல் அலகு எனக்கு மிஞ்சியிருக்கும்.

9. தோய்ச்சலுக்கும் டெம்பருக்கும் நேரக் கணக்கு

5160-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் நாள், அலகைச் சுமார் 870 டிகிரிக்குச் சூடேற்றி அசையாத காற்றில் கருநிறம் வரும் வரை ஆறவிடுங்கள். அடுத்த இரு முறை ஒவ்வொரு தடவையும் முப்பது டிகிரி குறைத்து அதையே செய்யுங்கள். உலையில் அடித்த அலகின் படிகமணிகள் இதனால் நுண்மையாகும். தோய்ச்சலுக்கு முன் வெட்டு விளிம்பை ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனில் விட்டுவையுங்கள். தாளாக மெலிந்த விளிம்பு தோய்ச்சலில் அலையாக நெளியும் அல்லது பிளக்கும்.

இரண்டாம் நாள் காலையில் தொடங்குங்கள். ஏனெனில் இடையில் நிறுத்த முடியாது. எண்ணெய் 50 டிகிரிச் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த எண்ணெயைவிட இது வேகமாகச் சூட்டை இழுக்கும். உலோகத் தொட்டி, மூடி, தீயணைப்புக் கருவி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலகு சீராக 830 டிகிரிக்கு வந்து ஐந்து முதல் பத்து நிமிடம் நின்றதும், தயங்காமல் செங்குத்தாக முழுவதையும் எண்ணெய்க்குள் இறக்குங்கள். பாதியில் நிறுத்தினால் எண்ணெய் மட்டத்தில் தீப்பிடிக்கும். பக்கவாட்டில் அசைக்காதீர்கள், அலகு கோணும். வெளியே எடுத்ததும் கோணல் இருந்தால் கையுறையோடு நிமிர்த்த ஓரிரு நிமிடமே கிடைக்கும்; கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு நிமிர்த்த முயன்றால் கண்ணாடியைப் போல உடையும்.

கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் டெம்பர் அடுப்புக்குள் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். டெம்பர் காணாத அலகு மேசையில் கிடந்தபடியே பிளப்பதுண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமாக இரண்டு முறை டெம்பர் கொடுங்கள், நடுவில் முழுவதும் ஆறட்டும்.

இந்த இடத்தில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. சமையல் ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். 200 டிகிரி டெம்பரில் 5160 சுமார் 58-இல் நிற்கும். கத்திக்கு அது சரி. வாளுக்குரிய 50-ஐ ஒட்டிய பதத்துக்கு 400 டிகிரிப் பக்கம் போக வேண்டும், அதற்குச் சூளைதான் தேவை. 'இடையில் 300-இல் நிறுத்தினால் நடுத்தரமாக இருக்குமே' என்று தோன்றும். பல குறைந்த கலப்பு எஃகுகள் சுமார் 260 முதல் 370 டிகிரி வரையிலான டெம்பரில் கடினத்தன்மையையும் இழந்து முறியாத் திறனையும் இழக்கின்றன. வாளின் டெம்பர் அந்த வரம்பைத் தாண்டியே இருக்கட்டும்.

பட்டறையிடம் தருவதாயின் எழுத்தில் தர வேண்டியவை: எஃகின் பெயர், சான்றிதழின் நகல், அளவுகள், '50 முதல் 52 வரை' என்பது போல வரம்பாகக் கடினத்தன்மை, இரண்டு டெம்பர், எத்தனை மி.மீ. கோணல் வரை ஏற்பீர்கள் என்பது. கடினத்தன்மையை அளக்கும் குழி, பிடிக்குள் மறையும் வால்பகுதியில் விழ வேண்டும் என்றும் எழுதுங்கள். திரும்பி வரும்போது அளவீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய வரிசையில் உங்கள் முறை வர எத்தனை வாரமாகும் என்று முன்கூட்டியே கேட்டு, அதன்படி மற்ற வேலைகளைத் திட்டமிடுங்கள்.

10. இழைத்தல், தீட்டுதல், வளைவுச் சோதனை

கூர் என்பது விளிம்பின் வடிவம்; எந்த எஃகையும் கூராக்கலாம். அந்தக் கூர் எத்தனை வெட்டுக்கு நிற்கும் என்பதில்தான் எஃகும் பதமும் வருகின்றன. சிறு கத்தியின் விளிம்பைத் தீட்டுவதற்கு முன் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை மெலிய வைத்து, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரியில் தீட்டுங்கள். வாளுக்கு இரண்டையும் சற்றுக் கூட்டுங்கள். சாணையில் பிடிக்கும்போது கையுறை போடாமல் விரலால் சூட்டைப் பார்த்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தண்ணீரில் நனையுங்கள். விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். 60-இல் இருந்த கத்தி அந்த இடத்தில் இனி 60 அல்ல. நீலத்தைத் துடைத்துவிட்டால் நிறம்தான் போகும். அந்தப் பகுதியை இழைத்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கத்தியின் விளிம்பைப் பித்தளைக் கம்பியின் மேல் சாய்வாக வைத்து அழுத்தி நகர்த்திப் பாருங்கள். விளிம்பு சற்று மடிந்து மீண்டும் நேரானால் பதம் சரி. உதிர்ந்தால் டெம்பரைப் பத்துப் பதினைந்து டிகிரி கூட்டி மறுபடி கொடுங்கள். மடிந்தபடியே நின்றால் மெதுவாகிவிட்டது.

வாளின் வளைவுச் சோதனையைக் கூர் தீட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். வைஸின் தாடைகளுக்கு இடையே மரத்துண்டு வைத்து அலகைப் பிடித்து, பின்னால் ஒரு பலகையில் கோடுகள் குறித்து, முகக் கவசத்தோடு, யாரும் எதிரில் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக இரு பக்கமும் வளைத்துத் திரும்ப விடுங்கள். ஒவ்வொரு முறையும் இழுத்துக் கட்டிய நூலை முதுகோடு ஒட்டி வைத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்பார்த்த கோட்டுக்கு முன்பே கோணல் தங்கிவிட்டால், வால்பகுதியில் கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். 50-ஐக் குறிவைத்த அலகு 44-இல் இருந்தால், ஒன்று டெம்பர் மிஞ்சியிருக்கும், அல்லது தோய்ச்சலில் உள்வரை இறுகாமல் இருந்திருக்கும். இரண்டுக்கும் மூன்று முறை காற்றில் ஆறவிடும் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கடினத்தன்மை சரியாக இருந்தும் ஒரே இடத்தில் மட்டும் கோணினால், அந்த இடத்தின் தடிமனைக் காலிப்பரால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே அலகு திடீரென மெலிந்திருக்கும்.